குதிரைக்கும் உண்டு திங்கட்கிழமை நோய்

போன ஞாயிறு குதிரையேற்ற கிளாஸ்ல ஒரு தப்பு பண்ணப் பார்த்தேன். மழையால நாலு நாளா லாயத்துலயே நின்ன குதிரை. ஏறினதும் ஓட விடப் போனேன். பயிற்சியாளர் கடிவாளத்தைப் பிடிச்சுட்டார். "முதல்ல நடக்க விடுங்க தம்பி."

ஏன்னு கேட்டேன். அந்தக் காலத்துல வண்டிக் குதிரைகளுக்கு ஞாயிறு லீவு, ஆனா தானியம் மட்டும் முழு அளவு. மறுநாள் வேலைக்குப் பூட்டினா, சில குதிரைகள் தசை இறுகி நகர முடியாம நின்னுடும். சிறுநீர் கருஞ்சிவப்பா போகும், சிறுநீரகமே பழுதாகலாம். இதுக்குப் பேரே 'திங்கட்கிழமை நோய்'.

அப்போ எவ்வளவு பயிற்சி சரி? ஆரோக்கியமான சவாரிக் குதிரைக்குப் பொதுவா வாரம் 5, 6 நாள், தினம் 30 முதல் 60 நிமிஷம். அதுல முதல் 10, கடைசி 10 நிமிஷம் வெறும் நடை. லீவு நாள்லயும் வெளியில உலாவ விடணும், தானியத்தைக் குறைக்கணும்.

அளவு மீறிச்சான்னு நாடித்துடிப்பு சொல்லிடும். ஓய்வுல நிமிஷத்துக்கு 28 முதல் 44. சவாரி முடிஞ்சு 15 நிமிஷம் ஆகியும் 60-க்குக் கீழ இறங்கலைன்னா, நாம அதிகமா வேலை வாங்கிட்டோம்.

வாரம் பூரா நாற்காலியில உக்காந்துட்டு ஞாயிறு மட்டும் சவாரிக்குப் போறவன் நான். என் வசதிக்குக் குதிரையோட உடம்பு மாறாது. அன்னிக்கு நடை மட்டும்தான் போனோம்.