“கொஞ்சம் பிசுபிசுப்பு!”

இங்கிலாந்துக்காரரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. எவ்வளவு கஷ்டம் வந்தாலும் குறைத்துத்தான் சொல்வார். பனியில் கை விறைத்துப்போகும். “கொஞ்சம் குளிர்” என்பார். கால் ஒடிந்து கிடப்பார். “மோசமில்லை” என்பார்!

கேட்பவரும் அந்த ஊர்க்காரர் என்றால் உள்ளர்த்தம் புரியும். வேறு நாட்டவர் கேட்டால்?

ஆற்றங்கரையில் சண்டை

1951 ஏப்ரல். கொரியா யுத்தம். இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் படை காவல் இருந்தது. 22-ந் தேதி இரவு சீனப்படை வெள்ளம்போல் வந்தது. குளோஸ்டர் படைப்பிரிவு ஒரு குன்றின்மேல் சிக்கிக்கொண்டது. நாலா பக்கமும் எதிரிகள். குண்டுகள் தீர்ந்துகொண்டே வந்தன.

பிரிட்டிஷ் தளபதி பிராடியின் மேலதிகாரி, அமெரிக்கத் தளபதி சோல். நிலைமை எப்படி என்று அவர் விசாரித்தார். பிராடி சொன்ன வார்த்தை, “ஸ்டிக்கி”. கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறதாம்!

“தலைக்குமேல் வெள்ளம்” என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். இங்கிலாந்துக்காரர் கேட்டிருந்தால் பதறியிருப்பார். அமெரிக்கரோ, “சமாளித்துவிடுவார்கள்” என்று எண்ணிவிட்டார். பின்வாங்கும்படி உடனே உத்தரவு போகவில்லை.

25-ந் தேதி உத்தரவு வந்தது. அதற்குள் வழி அடைபட்டுவிட்டது. 500-க்கு மேற்பட்ட வீரர்கள் கைதானார்கள். குன்றிலிருந்து தப்பி வந்தவர்கள் சுமார் 40 பேர்தான்.

எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தையே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சீனப்படை மிகப் பெரியது. ஆனாலும், வாய்திறந்து “ஆபத்து” என்று சொல்லியிருக்கலாம் அல்லவா?

கைதானவர்களில் உயிர் பிழைத்தவர்கள் ஊர் திரும்பியது, சண்டை ஓய்ந்த 1953-ல்தான்.