ஜகார்த்தாவில் ஜெயித்த பிள்ளைகள்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், நம் வீட்டுப் பிள்ளைகள் பந்தும் கையுமாகக் கிளம்பிவிடுகிறார்கள். முதுகில் மெஸ்ஸி, ரொனால்டோ என்று பெயர் போட்ட பனியன் வேறு! "நம்ம நாட்டு ஆட்டக்காரர் ஒருத்தர் பேர் சொல்லுடா" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். அவர்களைச் சொல்லி என்ன? நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரிய வந்தது ஜவ்வாது மலையில். போளூரிலிருந்து மலை ஏறினால் ஜமுனாமரத்தூருக்கு முன்னால் ஒரு சின்ன ஊர். அங்கே என் கணவரின் தாய்மாமா இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியாச்சு. காலை சாப்பிட்டது மறந்துவிடும். ஆனால் 1962-ம் வருஷத்து ஃபுட்பால் மட்டும் கோல் கோலாக ஞாபகம்! சாமை வாங்கப் போன எங்களை உட்கார வைத்து ஆரம்பித்துவிட்டார். அத்தை முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் தெய்வம் பீட்டர் தங்கராஜ். 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடினார். முதலில் கோல் போடுகிற இடத்தில் ஆடியவர், பிறகு கோல் காக்கிற இடத்துக்கு மாறியவர். 1955-லும் 1958-லும் அந்த மையத்து அணி டூரண்ட் கோப்பையையே வென்றது. மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக்ஸுக்குப் போய் வந்தார். "நான் சேர்ந்த புதுசுல வெலிங்டன்ல யார் வாயைத் திறந்தாலும் தங்கராஜ் பேச்சுதாம்மா!" என்று மாமா சொல்லும்போது முகத்தில் என்ன பெருமை!

இனி ஜகார்த்தாவுக்கு வருவோம். 1962 ஆகஸ்ட், செப்டம்பரில் அங்கே ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று நம் அணி தோற்றது. அடுத்து தாய்லாந்தை ஜெயித்தார்கள். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னைல் சிங்குக்குத் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. தங்கராஜோ ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதில் பர்மன் என்ற வங்காளப் பிள்ளை கோல் காத்தார். ஜப்பானையும் தென்வியட்நாமையும் தாண்டி இறுதி ஆட்டத்துக்கு வந்தால், எதிரே மறுபடியும் அதே தென்கொரியா!

இதற்கு நடுவில் அரசியல் வேறு. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேஷியா அனுமதி மறுத்ததை நம்மவரான சோந்தி கண்டித்துப் பேச, ஊரே இந்தியர்கள் மேல் கோபமாகிவிட்டது. செப்டம்பர் 4-ம் தேதி, ஏறக்குறைய லட்சம் பேர் கூடிய மைதானத்தில் நம் தேசிய கீதத்துக்கே கூச்சல் போட்டார்களாம்.

கோச் ரஹீம் அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தார். கொரியர்கள் உயரப் பந்து அடிப்பவர்கள், அதனால் காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை மறுபடி கோலில் நிறுத்தினார். வழக்கமாகத் தடுப்பில் நிற்கும் ஜர்னைல் சிங், தையல் போட்ட தலையோடு முன்வரிசைக்குப் போனார். 17-வது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் சிங் ஒரு கோல். கடைசி நேரத்தில் கொரியா ஒன்று போட்டது, அவ்வளவுதான். 2-1. தங்கம் நமக்கு! கேப்டன் சுனி கோஸ்வாமி.

மாமா கையைத் தட்டினார். அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

"என்னங்க, காய்ச்சல்காரப் பிள்ளையையும் மண்டை உடைஞ்ச பிள்ளையையும் போய் ஆட விட்டாங்களா? அவங்க அம்மா பார்த்திருந்தா வயிறு என்ன பாடு பட்டிருக்கும்!"

மாமாவிடம் பதில் இல்லை. எனக்கும் அத்தை கேட்டதுதான் நியாயமாகப் பட்டது. அந்தக் காலத்தில் அதை வீரம் என்றார்கள், வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எந்த டாக்டரும் அதற்குச் சம்மதிக்க மாட்டார். தலையில் பலமாக அடிபட்டு மயக்கமோ தடுமாற்றமோ வந்த பிள்ளையை அன்றைக்கு மறுபடி ஆட்டத்தில் இறக்கவே கூடாது. வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத தூக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் தைலம் தடவிக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போங்கள். காய்ச்சலும் அப்படித்தான். "லேசா கணகணன்னு இருக்கு, விளையாடினா வேர்த்து விட்டுடும்" என்று அனுப்பாதீர்கள். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு, அபூர்வமாகத்தான், இதயத் தசையையும் தொட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் ஓடுவது ஆபத்து. காய்ச்சல் விட்டு, சோர்வு தீர்ந்து, பிள்ளை பழையபடி சாப்பிட ஆரம்பித்த பிறகு மைதானம் ஆகட்டும்.

ரஹீமின் கதை இன்னும் உருக்கம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து கோச் ஆனவர். 1951-ல் டெல்லியில் தங்கம், 1956-ல் ஒலிம்பிக்ஸ் நான்காம் இடம், எல்லாம் அவர் காலத்தில்தான். ஜகார்த்தாவில் அவரையே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எனக்கு ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தைக் கொடுங்கள் என்று கேட்டாராம். கொடுத்தார்கள். 1963 ஜூன் 11-ம் தேதி அவர் போய்விட்டார். 2024-ல் வந்த 'மைதான்' என்ற இந்திப் படம் இவர் கதைதான்; மனைவியாக நடித்தது நம்ம பிரியாமணி. அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்கு இன்னொரு தங்கம் வரவே இல்லை.

ஆனாலும் அத்தையைக் கண் கலங்க வைத்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் பக்கத்தில் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பிள்ளை, அம்மா பெயர் முத்தம்மா. பயிற்சிக்கு வந்து போகக் காசில்லை என்று சொன்ன பையனுக்கு வாடகை சைக்கிளுக்கு ரஹீமே ஏற்பாடு செய்தாராம். அந்தப் பையன்தான் 1960-ல் ரோம் ஒலிம்பிக்ஸில் ஹங்கேரிக்கு எதிராக ஒரு கோல், பெருவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். ஜகார்த்தா தங்கத்திலும் பங்கு உண்டு. அதே 1962-ல் அர்ஜுனா விருது. அடுத்த வருஷமே நுரையீரல் உறையில் அழற்சி. 27 வயதுக்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

நுரையீரலைச் சுற்றிய மெல்லிய உறையில் வரும் இந்த நோய்க்கு நம் நாட்டில் காசநோய் ஒரு முக்கியக் காரணம். மூச்சை இழுத்தால் விலாவில் குத்தல், வறட்டு இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, இவை அடையாளம். இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை என்றால் கஷாயத்தை மட்டும் நம்பாமல் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதச் சிகிச்சை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். இதை நம்ம வீட்டு ஆண்களிடம் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்!

"அந்தப் பிள்ளை கல்யாணம் காட்சி பண்ணிக்கிட்டானா?" என்று கேட்டார் அத்தை. இல்லை. பலராம் கடைசி வரை தனிக்கட்டை. கொல்கத்தா பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்தார். தங்கராஜ் 2008-ல் காலமானார். பானர்ஜியும் சுனி கோஸ்வாமியும் 2020-ல் அடுத்தடுத்துப் போனார்கள். பலராம் 2023 பிப்ரவரி 16-ம் தேதி, 86 வயதில் மறைந்தார். மாமா பேப்பரில் வந்த அந்தச் செய்தியை வெட்டி, ராணுவப் பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்.