உஷார்! கல்யாண மண்டபத்துக்குள் தொங்கும் ஆபத்து

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பிடித்துவிட்டு டெக்கரேஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கொடுத்து முடித்தவர்கள் இன்னும் அவசரமாகப் படியுங்கள்.

மதுராந்தகம், கருங்குழி, படாளம், செங்கல்பட்டு என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் கல்யாண மண்டபங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான். வெள்ளைச் சுவர், டைல்ஸ் தரை, டியூப் லைட், ஒரு மேடை. வேறு ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் வாசலில் வாழைமரம், மேடையில் பூச்சரம், தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய மணமக்கள் பெயர், அதோடு அலங்காரம் முடிந்தது. இப்போது பிள்ளைகள் போனில் படத்தைக் காட்டுகிறார்கள். இருட்டான ஹால், மெரூனும் கறுப்புமாகத் தொங்கும் துணி, நூற்றுக்கணக்கில் மெழுகுவர்த்தி, தரையில் தவழும் புகை, மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் மணமக்கள். 2022 ஜூன் 9 அன்று மாமல்லபுரம் கடற்கரை விடுதியில் நடந்த நயன்தாரா–விக்னேஷ் சிவன் கல்யாணப் படங்களைப் பார்க்காத வீடு உண்டா? விடுதியில் கல்யாணம் வைக்க வசதி இல்லாத குடும்பம், அதே அழகை நம் ஊர் வெறும் ஹாலுக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. அந்த ஆசையில் தப்பே இல்லை. பெண்ணோ பையனோ வாழ்நாளில் ஒரு தடவை கேட்பது. ஆனால் அந்த அழகை எதை வைத்துச் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு நெஞ்சு பதைப்பது அங்கேதான்.

பாலியஸ்டர் துணி. தெர்மாகோல் தூண். ஃபோம் ஷீட். பிளாஸ்டிக் பூ. காய்ந்த பாம்பஸ் புல். ஒவ்வொன்றும் எரியக்கூடிய பொருள். இத்தனையையும் சீலிங்கிலிருந்து தரை வரைக்கும் தொங்கவிட்டு, அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி, நடுவில் கோல்டு பைரோ (சுடாது என்று சொல்லி மெஷினில் விடும் பொறி வாணம்) விட்டு, ஜன்னல்களைச் சாத்தி ஏ.சி. போட்டு, உள்ளே ஐந்நூறு பேரை உட்கார வைக்கிறோம்.

ஸ்ரீரங்கத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜனவரி 23, பத்மப்ரியா திருமண மண்டபம். வீடியோ எடுக்கப் போட்ட விளக்கின் ஒயரில் மின்கசிவு. மேலே போட்டிருந்த தற்காலிகப் பந்தல் பற்றிக்கொண்டது. இறங்கி ஓடக் குறுகலான படிக்கட்டு. மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். தாலி கட்டும் வேளையில் நடந்தது அது. அதற்குச் சுமார் ஏழு வருஷம் முன்னால், 1997 ஜூன் 7 அன்று, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில் யாகசாலைப் பந்தல் எரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஸ்ரீரங்கம் நடந்த அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம் பள்ளியில் ஓலைக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஓலைக் கூரை என்றாலே தமிழ்நாடு பயந்தது. பள்ளிக்கூடங்களில் ஓலை இறங்கியது. கான்கிரீட் மண்டபங்கள் எழும்பின. இனி பயமில்லை என்று நாமும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஓலையை வெளியே தூக்கிப் போட்டோம், சரி. அதைவிட மோசமான ஒன்றை நாமே காசு கொடுத்துக் கான்கிரீட்டுக்குள் கட்டுகிறோம். திறந்த பந்தலில் புகை மேலே போய்விடும். நாலு பக்கமும் ஓடலாம். மூடிய ஏ.சி. ஹாலில் புகை மேலே முட்டி, திரும்பத் தலைக்கு மேலேயே இறங்கும். பாலியஸ்டர் எரியும்போது உருகிச் சொட்டும். சொட்டுகிற ஒவ்வொரு துளியும் நெருப்பு. அது பட்டுப்புடவையில் விழும், குழந்தையின் முதுகில் விழும். தெர்மாகோலும் ஃபோமும் கக்கும் கரும்புகையில் சில மூச்சு இழுத்தாலே ஆள் மயங்கி விழுந்துவிடுவார். மூடிய கட்டடத் தீ விபத்தில் வெந்து சாகிறவர்களைவிடப் புகையில் சாகிறவர்களே அதிகம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 2023 செப்டம்பர் 26, ஈராக்கின் கராகோஷ் ஊரில் ஒரு கல்யாண ஹால். மணமக்கள் ஆடிக்கொண்டிருந்தபோது ஹாலுக்குள் விட்ட வாணத்தின் பொறி சீலிங் அலங்காரத்தில் பட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மணமக்கள் பிழைத்தார்கள், சொந்தபந்தத்தைப் பறிகொடுத்துவிட்டு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதி. மேடை வாணம் சுவரில் ஒட்டியிருந்த ஃபோமில் பட்டது. சுமார் 90 விநாடியில் உள்ளே மனிதர் நிற்க முடியாத நிலை. 100 பேர் போனார்கள். வேறு வாசல்கள் இருந்தும் கூட்டத்தில் பெரும்பகுதி, தான் நுழைந்த முன்வாசலுக்கே ஓடி அங்கே சிக்கிக்கொண்டது. ஆபத்து வந்தால் மனிதர் வந்த வழியேதான் ஓடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத கதவு அவர்களுக்கு இல்லாத கதவுதான்.

இந்தக் கதவு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும். கருங்குழிப் பக்கம் ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தேன். ஹாலின் இரண்டு பக்கவாட்டுச் சுவரும் மேலிருந்து கீழ்வரை கருந்துணி. அந்த ஹாலில் பக்கத்துக்கு இரண்டு கதவு உண்டு என்று எனக்குத் தெரியும். ஒன்றும் கண்ணில் படவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். கதவு இருந்தது, தாழ்ப்பாளோடு. அதற்கு முன்னால் இரும்பு ஃபிரேம், அதில் கேபிள் டை போட்டு இறுக்கிய துணி, காலடியில் மணல் மூட்டை. கதவுக்கு மேலே பச்சையில் எரிய வேண்டிய ‘வெளியே’ பலகையில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. டெக்கரேஷன் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “போட்டோல கதவு தெரியக் கூடாதுண்ணே. பச்ச லைட்டு தீம் லுக்கையே கெடுத்துடும்” என்றான். அந்தப் பையனுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்ல வேண்டிய மண்டபத்துக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

இதில் நம் ஊர்க் கல்யாணத்துக்கே உரிய ஒரு ஆபத்தும் இருக்கிறது. சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை முகூர்த்தம், இரண்டும் அதே மேடையில். ராத்திரி போட்டோவுக்காகக் கட்டிய துணியைக் காலையில் யாரும் கழற்றுவதில்லை. அந்தத் துணிக்கு முன்னாலேயே ஓமகுண்டம் வைத்து, நெய் ஊற்றி, சமித்துப் போட்டு வளர்க்கிறார்கள். பொறி பறக்கத்தான் செய்யும். மேலே ஏ.சி. காற்று, பின்னால் பாலியஸ்டர். அக்னி சாட்சியாக நடக்கிற கல்யாணத்தில் அந்த அக்னியைச் சுற்றி நாலடி இடம் விட வேண்டாமா?

கோல்டு பைரோ என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். கொஞ்சம் தள்ளி விழும் பொறி கையில் பட்டால் சுடாமல் இருக்கலாம். மெஷினின் வாயில் எரிவது உலோகத் துகள், அங்கே சூடு நூற்றுக்கணக்கான டிகிரி. ஆறடி பத்தடி எழும்புகிற அந்தப் பொறிக்கு மேலே ஒரு பாம்பஸ் கொத்து தொங்கினால் போதும். ஆகவே மூடிய ஹாலுக்குள் பைரோ வேண்டாம். எந்த மாதிரி மெஷினும் வேண்டாம்.

மின்சாரம்தான் சத்தமில்லாத எதிரி. எல்.இ.டி. வந்த பிறகு விளக்கின் சூடு குறைந்தது உண்மை. ஆனால் எண்ணிக்கை பெருகிவிட்டது. பார் லைட், சீரியல் செட், எல்.இ.டி. சுவர், புகை மெஷின், டி.ஜே. செட் எல்லாம் ஒரே பிளக்பாயின்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷனாக இழுக்கப்படுகின்றன. பிளக் இல்லாத ஒயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டுக்குள் சொருகி, தீக்குச்சியால் இறுக்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜாயின்ட் அடித்த இடம் துணிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அது சூடேறிக் கருகும்போது வருகிற வாடை சாம்பிராணிப் புகையில் யாருக்கும் தெரியாது. கோவளம் முதல் கல்பாக்கம் வரை கடலோரத்தில் கல்யாணம் வைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக்காற்றில் கனெக்டர்கள் துருப்பிடிக்கும், புல்தரை ஈரமாக இருக்கும், இரும்பு வளைவில் மின்சாரம் இறங்கினால் தொட்டவர் கதி என்ன? மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் திறந்தவெளியில் ஒரு விளக்கும் எரியக் கூடாது. மத்தியானத்துக்கு மேல் வீசும் கடல்காற்றில் ஒரு மெழுகுவர்த்தி சாய்ந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

சரி, என்ன செய்வது? அட்வான்ஸ் கொடுக்கும் முன் டெக்கரேஷன்காரரிடம், கட்டப்போகிற துணியில் ஒரு முழம் கேளுங்கள். வீட்டுக்கு வெளியே, சிமென்ட் தரையில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துக்கொண்டு, துணியை இடுக்கியால் பிடித்து ஒரு முனையில் தீக்குச்சியை வையுங்கள். குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். குச்சியை எடுத்ததும் தீ தானே அணைந்தால், அது தீத்தடுப்புப் பூச்சு போட்ட துணியாக இருக்கலாம். எரிந்துகொண்டே போனாலோ, உருகிச் சொட்டினாலோ அந்தத் துணி உங்கள் மண்டபத்துக்குள் வரக் கூடாது. சான்றிதழ் காட்டினாலும் எரித்துப் பாருங்கள். பல பூச்சுகள் துவைத்தால் போய்விடும். தற்காலிகப் பந்தல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 8758 என்று ஒரு விதிமுறையே வைத்திருக்கிறது. செயற்கை இழைத் துணியும் கயிறும் கூடாது என்று அது சொல்கிறது. இதை எத்தனை ஒப்பந்தத்தில் எழுதுகிறோம்? நீங்கள் எழுதச் சொல்லுங்கள்.

சீலிங் முழுக்கத் துணி கட்ட விடாதீர்கள். ஸ்பிரிங்ளரும் புகை உணர்த்தியும் இருக்கிற மண்டபங்களில்கூட, அவற்றுக்குக் கீழே துணியை இழுத்துக் கட்டினால் அவை இருந்தும் இல்லாதவைதான்.

இருட்டும் காதலுமான அந்த அழகு வேண்டுமென்றால் அதற்குத் துணி தேவையே இல்லை, வெளிச்சம் போதும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, சுவரடியில் மஞ்சளும் செம்மையுமான எல்.இ.டி. விளக்குகளை மேல்நோக்கி வைத்தால் அதே வெள்ளைச் சுவர் கருஞ்சிவப்பாக மாறும். வெறும் சுவர்தான் இதற்கு ரொம்ப வசதி. நடைபாதையும் கதவுகளும் மட்டும் தெரிகிற வெளிச்சத்தில் இருக்கட்டும். மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. பிளாஸ்டிக் பூவுக்குப் பதில் அன்றன்று கட்டிய மல்லியும் சம்பங்கியும் ரோஜாவும். பாம்பஸுக்குப் பதில் பச்சைக் குருத்தோலைத் தோரணம், வாழை, கமுகு. ஈரம் உள்ள பச்சை சட்டென்று பற்றாது. குத்துவிளக்கு எரியட்டும், பக்கத்தில் ஒரு ஆள் உட்காரட்டும். பெரியவர் ஒருவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வார்.

கல்யாணத்தன்று காலையிலும் மாலையிலும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர், பெண் வீட்டிலிருந்து ஒருவர் ஹாலைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளித் திறந்து பாருங்கள். பூட்டு இருந்தால் மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். வெளியே பந்திக்கு அடுக்கிய நாற்காலி கதவை மறிக்கிறதா, சமையல்கட்டு சிலிண்டர் வழியில் நிற்கிறதா என்று பாருங்கள். தீயணைப்பான் எங்கே இருக்கிறது, அதன் முள் பச்சையில் நிற்கிறதா, அதை இயக்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். சத்தம் போட்டால் சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். அவர் வீட்டுக் குழந்தையும் அதே ஹாலில்தான் தூங்குகிறது.

தீ கிளம்பினால் மேடையைக் காப்பாற்றப் போகாதீர்கள். மைக்கில் சொல்லி, எல்லாக் கதவையும் திறந்து ஆட்களை வெளியேற்றுங்கள். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். மதுராந்தகத்திலிருந்து வண்டி எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் ரோட் ஐலண்டில் பார்த்த அந்த 90 விநாடியில் கருங்குழிக்கு வந்து சேராது. அதற்குள் வெளியே வர வேண்டியது நாம். ஆகவே இன்றைக்கே டெக்கரேஷன்காரருக்கு போன் போட்டு, கதவுகளை மறைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.