வட்டம் ஏன் முட்டையானது?

வடலூரில் எங்கள் பள்ளிக் கணினி அறையில் முதுகு பெருத்த பழைய மானிட்டர் ஒன்று இன்றும் இயங்குகிறது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதில் வட்டம் வரைந்து, திரைமேல் அளவுகோலை வைத்து, "சார், குறுக்கே 12 செ.மீ., நெடுக்கே 11.2 செ.மீ.தான் வருது" என்றாள். "நீ சரியா வரைஞ்சிருக்க மாட்டே" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் திரையைச் சோதித்தேன்.

ஜெர்மனியின் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் உருவாக்கிய கேத்தோடு கதிர்க் குழாயின் வழிவந்தவை இத்திரைகள். 2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகளும் இவ்வகையே. இவற்றில் எலக்ட்ரான் கற்றையைக் கம்பிச்சுருள்களின் காந்தப்புலம் வளைத்துப் படம் வரைகிறது. அதனால் படத்தின் அளவும் இடமும் மாறக்கூடியவை.

சோதிக்கும் முறை எளிது.

1. அரை மணி நேரம் இயங்கவிட்டுத் திரை சூடேறியபின் தொடங்குங்கள்.

2. ரெசல்யூஷனைப் பாருங்கள். 4:3 வடிவத் திரைக்கு 800×600 அல்லது 1024×768 பொருந்தும். 1280×1024 என்பது 5:4. அதில் வட்டம் குறுக்கே நீளும்.

3. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டங்களும் நடுவில் ஒரு வட்டமும் வரையுங்கள். முன்பக்கப் பொத்தான்களால் முதலில் படத்தை நடுவில் நிறுத்தி, அகலம், உயரம், சாய்வு, ஓர வளைவு என வரிசையாகச் சரிசெய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அளவுகோலால் அளந்து பாருங்கள்.

4. வெண்ணிறத் திரையில் வண்ணத் திட்டுகள் தெரிந்தால் அருகில் காந்தமோ ஒலிபெருக்கியோ உள்ளதா எனப் பாருங்கள். அதை அகற்றியபின், காந்தநீக்கப் பொத்தான் இருந்தால் ஒருமுறை அழுத்துங்கள்.

வெள்ளைக் கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ பிரிந்து தெரிந்தால், அது மூன்று நிறக் கற்றைகளும் ஓரிடத்தில் கூடாத குறை. அதைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுங்கள். பின்மூடியை எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம். உள்ளே ஏறத்தாழ 25,000 வோல்ட் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். பழுதான திரையைப் பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்னணுக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

இதையே இயற்பியல் பாடமாகவும் ஆக்கலாம். தமிழ்நாட்டில் புவிக் காந்தப்புலம் ஏறக்குறையக் கிடைமட்டமாக வடக்கு நோக்கியது. வடக்கு நோக்கிய திரையைக் கிழக்கு நோக்கித் திருப்பினால், கற்றை புலத்தின் குறுக்கே பாய்வதால் படம் சற்றே கீழிறங்கக்கூடும். திருப்புமுன் எத்திசையில் நகரும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் திரை 1280×1024-இல் வைக்கப்பட்டிருந்தது. 1024×768-க்கு மாற்றியதும் வட்டம் வட்டமானது. மாணவியின் அளவே சரி என்பதை மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னும் சொன்னேன்.