கதை எப்போது இலக்கியமாகிறது?



"எனக்கு நடந்ததையெல்லாம் எழுதினால் ஒரு பெரிய புத்தகமே வரும்" என்று எம்மவர் பலர் சொல்வதுண்டு. உண்மைதான். இடம்பெயர்வும் இழப்பும் காணாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. ஆனால் நடந்ததை அப்படியே எழுதினால் இலக்கியமாகிவிடுமா? வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் எழுத நேரம்தான் எங்கே? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ரஷ்ய எழுத்தாளர் அன்ரன் செக்கோவிடம் (1860–1904) விடை இருக்கிறது.

1886 இல் அவர் எழுதிய 'துயரம்' என்ற சிறுகதையைப் பாருங்கள். பீற்றர்ஸ்பேர்க் நகரில் பனி கொட்டும் ஒரு மாலை. குதிரை வண்டிக்காரர் அயோனாவின் மகன் அந்தக் கிழமைதான் இறந்திருக்கிறான். வண்டியில் ஏறும் இராணுவ அதிகாரியிடம் அதைச் சொல்லப் பார்க்கிறார். அதிகாரி ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து ஏறிய மூன்று இளைஞர்களுக்கோ அவசரம். இன்னொரு இளம் வண்டிக்காரன் கேட்காமலே தூங்கிவிடுகிறான். கடைசியில் அயோனா லாயத்துக்குப் போய்த் தன் குதிரையிடம் எல்லாவற்றையும் சொல்கிறார்.

மகன் இறக்கும் காட்சி கதையில் இல்லை. சவ அடக்கமும் இல்லை. மரணத்தைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு செய்தியாக நின்றிருக்கும். சொல்லி ஆற ஆளில்லாத தவிப்பை எழுதியதால்தான் அது இலக்கியமானது. அந்தப் பயணிகளும் கொடியவர்கள் அல்லர். எங்களைப் போலவே அவரவர் அவசரத்தில் ஓடுபவர்கள். வீட்டிலுள்ள முதியவர் ஊர்க்கதை தொடங்கும்போது நேரத்தைப் பார்க்கிற எங்களையும் அந்த வண்டியில் காணலாம். நல்ல கதை வாசிப்பவரையும் உள்ளே இழுத்துவிடும்.

இனி நேரம் பற்றி. 1876 இல் செக்கோவின் தந்தை கடனில் மூழ்கி மொஸ்கோவுக்கு ஓடினார். பதினாறு வயது மகன் தகன்ரோக் நகரில் தனியே நின்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் தன் பள்ளிப்படிப்பை முடித்தார். 1879 இல் மொஸ்கோ சென்று மருத்துவம் படித்தபடியே, குடும்பச் செலவுக்காகச் சஞ்சிகைகளுக்கு நகைச்சுவைத் துணுக்குகள் எழுதினார். 1884 இல் மருத்துவரானார். 1886 இல் மூத்த எழுத்தாளர் கிரிகரோவிச், அவசரமாக எழுதித் திறமையை வீணாக்க வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவிட்டதில்லை என்று செக்கோவ் ஒப்புக்கொண்டார். அதன்பின் குறைவாக, நிதானமாக எழுதினார். மருத்துவத்தையும் விடவில்லை.

எங்கள் அ. முத்துலிங்கத்தின் முதல் தொகுதி 'அக்கா' வெளிவந்தது 1964 இல். அடுத்த தொகுதி 'திகடசக்கரம்' வந்தது 1995 இல். இடையிலே முப்பது வருடங்கள் வேலையும் நாடு நாடாகப் பயணமும். விட்ட எழுத்தைத் திரும்பவும் தொடலாம் என்பதற்கு அவரே சாட்சி.

ஆகவே, முழுக் கதையையும் ஒரேயடியாக எழுத முனையாதீர்கள். ஒரு மனிதரை, ஒரு பொழுதை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு அரைமணி நேரம் போதும். எழுதியதை ஒரு கிழமை மூடி வைத்துவிட்டு, பிறகு வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நேரத்தைப் பார்க்கிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.