ஆடுகளத்தில் ஓர் ஆசிரியர்



வகுப்பில் எப்போதும் முதலாவதாகத் தேறும் மாணவன் பிற்காலத்தில் நல்ல ஆசிரியனாக அமைவது அரிது என்பது, பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு ஏற்பட்டுள்ள ஓர் எண்ணம். கணக்கு அவனுக்குத் தானாகவே வந்துவிடுகிறது. மற்றவனுக்கு அது ஏன் வரவில்லை என்பது அவனுக்குப் புலப்படுவதே இல்லை. தட்டுத் தடுமாறிக் கற்றவனோ, வழுக்கும் இடம் ஒவ்வொன்றையும் அறிவான். விளையாட்டுத் துறையில் இவ்வெண்ணத்தை வைத்துப் பார்ப்பதற்கு இங்கிலாந்தின் கால்பந்தாட்டக்காரர் கிரஹாம் டெய்லரின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது.

அவர் கதை விளங்க வேண்டுமானால் அந்நாட்டின் போட்டி முறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். 1958 முதல் 1992 வரை இங்கிலாந்தின் கால்பந்து லீக் நான்கு பிரிவுகளாக இருந்தது. அவற்றில் ஆடிய சங்கங்கள் 92. ஆண்டு முடிவில் ஒரு பிரிவில் முன்னணியில் நிற்பவை மேற்பிரிவுக்கு ஏறும். கடைசியில் நிற்பவை கீழே இறங்கும். முதற்பிரிவில் புகழும் பொருளும் உண்டு. நான்காம் பிரிவிலோ, சிற்றூர்ச் சங்கங்கள் சில ஆயிரம் பேர் முன்னிலையில் மழையிலும் சேற்றிலும் ஆடிக்கொண்டிருக்கும். அங்கே ‘மானேஜர்’ என்பவரும் நம் அலுவலக மானேஜரைப் போன்றவர் அல்லர். ஆட்டக்காரரைத் தேடிப் பிடிப்பதும், பயிற்றுவதும், ஆட்டத்தின் உத்தியை வகுப்பதும் அவர் பொறுப்பு. அணி தொடர்ந்து தோற்றால் முதலில் வேலை இழப்பவரும் அவரே.

டெய்லர் 1944ஆம் ஆண்டு வொர்க்சாப் என்னும் ஊரில் பிறந்து, ஸ்கந்தார்ப் என்ற எஃகு ஆலை நகரில் வளர்ந்தார். தந்தையார் உள்ளூர்ப் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தியாளர். நல்ல உயர்நிலைப் பள்ளியில் இடம் கிடைத்துப் படித்த மகன், மேல்வகுப்பைப் பாதியில் விட்டு, 1962இல் கிரிம்ஸ்பி டவுன் சங்கத்தில் ஆட்டக்காரராகச் சேர்ந்துவிட்டார். அக்காலத்தில் அது செல்வம் கொழிக்கும் தொழில் அன்று. 1961 வரை எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு இருபது பவுனுக்கு மேல் ஊதியம் கொடுக்கக் கூடாது என்று விதியே இருந்தது. அச்சிறுவன் என்னிடம் யோசனை கேட்டிருந்தால், “படிப்பை முடித்துவிட்டுப் போ, அப்பா” என்றுதான் சொல்லியிருப்பேன். நல்ல வேளை, அவர் என்னைக் கேட்கவில்லை!

கிரிம்ஸ்பிக்கு 189 லீக் ஆட்டங்கள், பின்னர் லிங்கன் சிட்டிக்கு 151 ஆட்டங்கள் ஆடினார். எல்லாம் பின்காப்பு வரிசையில். முதற்பிரிவில் ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஆனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியாளர் தேர்வுகளுக்குப் படித்து, 27 வயதில் கால்பந்துச் சங்கத்தின் முழுத் தகுதியைப் பெற்றுவிட்டார். இடுப்பில் ஏற்பட்ட காயம் 1972இல் அவர் ஆட்டத்தை முடித்துவைத்தது. அவ்வாண்டு டிசம்பரில், 28 வயதில், அதே லிங்கன் சங்கத்துக்கு மானேஜர் ஆனார். நேற்றுவரை தோளில் கைபோட்டுப் பேசிய தோழர்களுக்கு இன்று கட்டளையிட வேண்டும். உதவி ஆசிரியராக இருந்த பள்ளிக்கே தலைமையாசிரியராகப் போனவர்கள் இந்தச் சங்கடத்தை அறிவார்கள்.

1975–76ஆம் ஆண்டுப் போட்டிகளில் லிங்கன் அணி 46 ஆட்டங்களில் 32இல் வென்றது, தோற்றவை நான்கே. போட்ட கோல்கள் 111. வெற்றிக்கு இரண்டு புள்ளி என்ற பழைய முறையில் அது பெற்ற 74 புள்ளிகளை எந்த அணியும் விஞ்சியதில்லை. லிங்கன் நான்காம் பிரிவின் முதலிடத்தோடு மேலே ஏறியது.

அடுத்த ஆண்டில் அவரை அழைத்தவர் வாட்போர்டு சங்கத்தின் தலைவர், புகழ்பெற்ற பாடகர் எல்டன் ஜான். வாட்போர்டு லண்டனுக்கு வடக்கே உள்ள சிறு நகரம்; சங்கமோ நான்காம் பிரிவில் கிடந்தது. முதற்பிரிவைக் காண்பதே பாடகரின் கனவு. டெய்லர் ஐந்தே ஆண்டுகளில் அதை நிறைவேற்றினார். 1978இல் ஒரு படி, 1979இல் ஒரு படி, 1982இல் மற்றொரு படி. சங்கத்தின் வரலாற்றில் முதன்முறையாக முதற்பிரிவில் ஆடிய 1982–83ஆம் ஆண்டிலேயே லிவர்பூலுக்கு அடுத்த இரண்டாம் இடம் கிடைத்தது. மறு ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் அணியிடம் 3–1 எனத் தோற்றுத் திரும்பி, சொந்த மைதானத்தில் 3–0 என வென்றார்கள். 1984 மே மாதத்தில் எப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் எவர்ட்டனிடம் 2–0 எனத் தோற்றார்கள்.

இவ்வளவும் எப்படி முடிந்தது? பந்தைப் பின்வரிசையில் உருட்டிக்கொண்டிராமல் விரைவாக முன்னே செலுத்துவது, அங்கே எதிரியை மூச்சுவிட விடாமல் நெருக்குவது, இரு ஓரங்களிலிருந்தும் கோல்முகத்துக்கு அனுப்புவது – இதுவே முறை. இதற்குச் சளைக்காத உடலுறுதி வேண்டும். தன் இடத்தில் தான் என்ன செய்ய வேண்டும் என்பது ஒவ்வொருவனுக்கும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும். ‘உதைத்துவிட்டு ஓடும் ஆட்டம்’ என்று அறிஞர்கள் ஏளனம் செய்தார்கள். அழகு குறைந்த ஆட்டம் என்பதை நானும் மறுக்க மாட்டேன். ஆயினும் கையில் இருக்கும் மாணவர்களுக்கு ஏற்ற பாடத்தை வகுப்பதுதானே ஆசிரியர் கடமை? நான்காம் பிரிவில் அவரிடம் கிடைத்த லூதர் பிளிசெட் என்ற இளைஞர், அணியோடு நான்கு பிரிவுகளையும் ஏறி, முதற்பிரிவில் ஒரே ஆண்டில் 27 கோல் போட்டு, இங்கிலாந்துக்கும் ஆடினார். மேற்கு லண்டனில் ஒரு சிறு சங்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஜான் பார்ன்ஸ் வாட்போர்டில்தான் உருவானார்.

மைதானத்துக்கு வெளியேயும் அவர் ஆட்டக்காரரைச் சும்மா விடவில்லை. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் போய் ஊர் மக்களோடு பழகுவதை அவர்கள் கடமையாகவே வைத்தார். குழந்தைகளோடு வருவோருக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டது. மற்றச் சங்கங்களின் மைதானங்களில் அடிதடி மலிந்திருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். சம்பளம் கொடுக்கும் தலைவர் மதுவில் அழிந்துகொண்டிருந்தபோது அவரையும் நேரில் கண்டித்தார். எல்டன் ஜான் அதை மறைக்கவில்லை. பிற்காலத்தில் நன்றியோடு பலமுறை சொல்லியிருக்கிறார்.

1987இல் ஆஸ்டன் வில்லா சங்கத்துக்குப் போய், இரண்டாம் பிரிவில் இருந்த அதை ஓராண்டில் மேலேற்றி, 1990இல் முதற்பிரிவின் இரண்டாம் இடத்தில் நிறுத்தினார். அவ்வாண்டே இங்கிலாந்து தேசிய அணி அவர் கைக்கு வந்தது.

ஏறத்தாழ ஓராண்டு தோல்வியே இல்லை. பிறகு வந்தது 1992 ஜூன் மாதம். ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் சுவீடனுக்கு எதிரான ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, நாட்டின் தலைசிறந்த கோல்வீரர் லினெக்கரை வெளியே அழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு கோல் போட்டிருந்தால் லினெக்கர் நாட்டின் அன்றைய சாதனையான 49ஐ எட்டியிருப்பார். இங்கிலாந்து 2–1 எனத் தோற்றது. மறுநாள் ஒரு பத்திரிகை சுவீடன்காரரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒரு கிழங்குக்கும் பெயராக இருப்பதை வைத்துச் சொல் விளையாட்டு ஆடி, டெய்லரின் முகத்தை டர்னிப் கிழங்கோடு ஒட்டி அச்சிட்டது. அந்தப் பட்டம் அவரை விடவே இல்லை. 1993 அக்டோபரில் ராட்டர்டாமில் நெதர்லாந்திடம் 2–0 எனத் தோற்றதோடு உலகக் கோப்பை வாய்ப்பு ஏறக்குறைய முடிந்தது. நவம்பரில் பதவி விலகினார். அந்நாட்களில் தம்மைப் படம்பிடிக்கத் தொலைக்காட்சிக் குழு ஒன்றை அவர் அனுமதித்திருந்தார். ஆட்டக்களத்தின் ஓரத்தில் அவர் புலம்பிய சொற்களை நாடு முழுவதும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அவர் நடத்திய 38 தேசிய ஆட்டங்களில் வெற்றி 18, சமநிலை 13, தோல்வி 7. எண்கள் அவ்வளவு கொடியவை அல்ல. ஷீரர், காஸ்காய்ன் போன்றோர் காயத்தால் நெடுநாள் ஆடவில்லை. அவர் செய்த தேர்வுகளிலும் பிழைகள் உண்டு. ஆயினும் பெரிய காரணம் வேறு என்று எனக்குப் படுகிறது. சங்க மானேஜரிடம் ஆட்டக்காரர் நாள்தோறும் வருகிறார்கள். தேசிய அணியிலோ சில நாள்கள் கூடிக் கலைந்துவிடுகிறார்கள். அன்றாடம் பாடம் நடத்தியே பழகியவரை, ஆண்டுக்கு இருமுறை வந்து போகும் இன்ஸ்பெக்டர் வேலையில் உட்கார்த்திவிட்டார்கள்.

இத்தகைய அவமானத்துக்குப் பின் பலர் வீட்டைவிட்டே வெளிவரமாட்டார்கள். டெய்லர் உல்வர்ஹாம்டன் சங்கத்தில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1996இல் தம் பழைய வாட்போர்டுக்கே திரும்பினார். அவ்வாண்டு அது மீண்டும் மூன்றாம் படிக்குச் சரிந்தது. 1998இல் முதலிடத்தோடு ஒரு படி. 1999 மே மாதம் வெம்பிளியில் போல்டன் அணியை 2–0 என வென்று இன்னொரு படி. மறு ஆண்டே வாட்போர்டு கீழே இறங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். 2001இல் அங்கிருந்து ஓய்வு பெற்றவர், பின்னர் ஆஸ்டன் வில்லாவில் சிறிது காலம் இருந்தார். 2009 முதல் 2012 வரை வாட்போர்டு சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

2017 ஜனவரி 12ஆம் நாள், 72ஆம் வயதில் அவர் காலமானார். வாட்போர்டு மைதானத்தின் ஒரு பார்வையாளர் மாடம் 2014இலேயே அவர் பெயரைப் பெற்றுவிட்டது. மறைந்த மறு ஆண்டு மைதானத்துக்கு வெளியே சிலையும் வைத்தார்கள். கோப்பையைத் தூக்கி நிற்கும் கோலத்தில் அன்று. மானேஜர்கள் அமரும் நீண்ட பலகையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கோலத்தில்.