காலை 8.45 முதல் மாலை 5.45 வரை... ஆபீஸ்ல அப்படி என்னதான் வேலை?

வில்லியனூர், பாகூர் அலுவலகங்களில் ஒரு விண்ணப்பம் எந்தெந்த மேசைகளைத் தாண்டுகிறது, எங்கே நிற்கிறது? ஒரு பார்வை.

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு அப்படி என்னதாம்ப்பா பண்றீங்க?"

வயல் வேலை பார்த்து வளர்ந்த பாகூர் பக்கத்து வீடுகளில், ஆபீஸ் வேலைக்குப் போகும் முதல் தலைமுறைக்கு இந்தக் கேள்வி புதுசு இல்லை. கேள்வியில் கொஞ்சம் கிண்டல் இருக்கும். ஆனால் நியாயமும் இருக்கு. நடவு முடிஞ்சா சாயங்காலமே வயல் பச்சையாகத் தெரியும். கதிர் அறுத்தா மூட்டையை எண்ணலாம். சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் போகிறவருக்குக்கூட இன்னைக்கு இத்தனை பீஸ் என்று கணக்கு இருக்கு. மரத்தடுப்புக்குள் கம்ப்யூட்டர் முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்துட்டு வந்தவர், "ரொம்ப டயர்டா இருக்கு" என்று சொன்னால், எதைக் காட்டி நிரூபிப்பார்?

இதே கேள்வி கவுன்ட்டருக்கு வெளியிலும் கேட்கும். பிளஸ் 2 ரிசல்ட் வந்த கையோடு, சென்டாக் சேர்க்கைக்குச் சான்றிதழ் வாங்க வரும் பெற்றோர் கேட்பார்கள்: "உள்ள இவ்ளோ பேர் இருக்காங்க. ஒரு பேப்பர் குடுக்க இத்தனை நாளா?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க, ஒரு விண்ணப்பத்தின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

ஒரு வருமானச் சான்றிதழ், எத்தனை மேசை?

வில்லியனூரில் ஒரு மாணவிக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இ-டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலோ, பொதுச் சேவை மையத்திலோ விண்ணப்பம் போடுகிறார்கள். ஒரு எண் கிடைக்கிறது. வெளியில் இருப்பவருக்குத் தெரிவது இவ்வளவுதான். மீதி எல்லாம் உள்ளே நடக்கிறது.

முதலில் கிராம நிர்வாக அலுவலர். இந்தக் குடும்பம் உண்மையிலேயே இங்கே குடியிருக்கிறதா, அப்பாவுக்கு என்ன வேலை, நிலம் இருக்கா, வீட்டில் இருப்பது சிவப்பு ரேஷன் கார்டா மஞ்சள் கார்டா என்றெல்லாம் அவர் பார்க்க வேண்டும். சம்பளக்காரர் என்றால் சுலபம், சம்பளச் சீட்டு பேசும். தினக்கூலிக்கும் குத்தகை விவசாயிக்கும் எந்தச் சீட்டும் கிடையாது. விசாரித்து, ஒரு தொகையை எழுதி, அதற்குத் தன் பெயரையும் போட வேண்டும்.

அடுத்து வருவாய் ஆய்வாளர். கீழே இருந்து வந்த அறிக்கை பொருந்துகிறதா என்று இவர் பார்க்கிறார். கடைசியாகத் தாசில்தார் அலுவலகம். ஒப்புதலும் கையெழுத்தும் அங்கேதான்.

கவனிச்சுப் பார்த்தால், இந்த வரிசையில் யாரும் புதுசாக ஒரு பொருளைத் தயாரிக்கவில்லை. ஒவ்வொருவரும் செய்வது மூன்றே வேலை: சரிபார்ப்பது, பதிவது, பொறுப்பேற்பது. இந்த மூணாவதுதான் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கு இந்தச் சான்றிதழ் தவறு என்று யாராவது வழக்குப் போட்டால், "யார் சொல்லி யார் கையெழுத்து போட்டது?" என்ற கேள்விக்கு ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெயர் இருக்கும். காலேஜ் அந்தப் பேப்பரை நம்பி சலுகை கொடுப்பது அந்தப் பெயர்களை நம்பித்தான்.

கோப்புக்குள்ளே என்ன எழுதுறாங்க?

சான்றிதழ் நேர்கோட்டில் போகிற வேலை. அலுவலகத்தின் மற்ற வேலைகள் கோப்பில் நடக்கும்.

காலையில் தபால் வரும். ஒவ்வொரு கடிதத்துக்கும் பதிவேட்டில் ஒரு எண் போட்டு, எந்தப் பிரிவுக்கு உரியதோ அந்த மேசைக்கு அனுப்புவார்கள். அங்கே இருக்கும் எழுத்தர், சம்பந்தப்பட்ட பழைய கோப்பைத் தேடி எடுப்பார். கோப்பில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் வந்த கடிதங்களும் போன கடிதங்களும். இன்னொரு பக்கம் குறிப்பு. இதில் என்ன கேட்டிருக்கிறார்கள், விதி என்ன சொல்கிறது, இதற்கு முன் இதே மாதிரி விஷயத்தில் என்ன முடிவெடுத்தோம், இப்போ என்ன செய்யலாம் என்று அவர் வரிசையாக எழுதி மேலே அனுப்புவார். உதவியாளர், கண்காணிப்பாளர், அதிகாரி என்று கோப்பு ஏறும். ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டோ, கேள்வி கேட்டோ கையெழுத்து போடுவார்கள். முடிவாகி இறங்கி வந்ததும் கீழே இருப்பவர் பதில் கடிதம் தயார் செய்வார்.

ஒரு நல்ல குறிப்பு ஒரு பக்கம்கூட வராது. ஆனால் அதை எழுத நாலு பழைய கோப்பும் மூணு அரசாணையும் படிக்க வேண்டியிருக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டு சும்மா இருக்கிற மாதிரிதான் தெரியும்.

இதற்கு நடுவில் அவசர வேலைகள் வந்து விழும். தகவல் உரிமைச் சட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் 30 நாளில் பதில் போக வேண்டும். காரணமின்றித் தாமதித்தால் பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் விழலாம். சட்டசபை நடக்கும் நாட்களில் உறுப்பினர் கேள்விக்குப் பதில் தயாரிப்பது முதல் வேலையாகிவிடும். தணிக்கை, கோர்ட் வழக்கு, வாக்காளர் பட்டியல் திருத்தம், தேர்தல் பணி என்று பட்டியல் நீளும். இவை வரும்போதெல்லாம், தேதி கெடு எதுவும் இல்லாத சாதாரண மனு அடியில் போய்விடும். சத்தம் போடாத பேப்பர்தான் ரொம்ப நாள் தூங்கும்.

ஒரு எழுத்துப் பிழை, 18 வருஷம் கழித்து

கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வருவோம். இந்த 'கொம்யூன்' என்ற பெயரே பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போனது. 1880-ல் பிரெஞ்சு அரசாணை மூலம் இங்கே கொம்யூன்கள் அமைந்தன. இன்றைய அமைப்பு 1973-ம் ஆண்டின் புதுச்சேரி கிராம மற்றும் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின்படி இயங்குகிறது. புதுச்சேரி பகுதியில் வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என 5 கொம்யூன் பஞ்சாயத்துகள் இருக்கின்றன. தெருவிளக்கு, குப்பை, வீட்டு வரி எல்லாம் இவர்கள் பொறுப்பு. பிறப்பு, இறப்புப் பதிவும் இங்கேதான்.

பிறப்பை 21 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு வருஷம் தாண்டிவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு இல்லாமல் பதிய முடியாது. 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதன் எடை இன்னும் கூடிவிட்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான்.

இங்கே ஒரு எழுத்தர் இனிஷியலை மாற்றி அடித்துவிட்டார், அல்லது அப்பா பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டார் என்றால் அன்று எதுவும் ஆகாது. அந்தக் குழந்தை காலேஜுக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ போகும்போதுதான் பிரச்சினை வெடிக்கும். பிரான்சுடன் குடியுரிமை, பென்ஷன் தொடர்பு உள்ள புதுச்சேரி குடும்பங்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். நெல்லு போட்டா நாலு மாசத்தில் தெரிஞ்சிடும். பதிவேட்டில் போட்ட எழுத்து விளையப் பதினெட்டு வருஷம் ஆகும். அந்த மேசையில் ஒரு நாள் முழுக்க நல்லா வேலை நடந்ததற்கு அடையாளமே, பின்னாடி எதுவும் நடக்காமல் இருப்பதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தப் பஞ்சாயத்துகளுக்கு 2006-ல் தேர்தல் நடந்தது. தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடக்காமல் நின்றுபோனது. கவுன்சிலரைப் பிடித்து வேலையை முடிக்கும் வழி இல்லாததால், கிராமத்து ஜனங்களுக்கு அரசாங்கம் என்றால் அந்த மேசைதான்.

சரி, தனியார் கம்பெனியில்?

வில்லியனூரில் இருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கோ, சென்னை ஓஎம்ஆருக்கோ போகிறவர்களின் வேலை வேறு மாதிரி தோன்றும். உள்ளே போய்ப் பார்த்தால் உறவு தெரியும். அங்கே கோப்புக்குப் பதில் டிக்கெட். குறிப்புக்குப் பதில் கமென்ட். தபாலுக்குப் பதில் மெயில். மேலதிகாரி கையெழுத்துக்குப் பதில் அப்ரூவல்.

புதுச்சேரியில் 1990-களிலிருந்தே இ-பப்ளிஷிங் கம்பெனிகள் இயங்குகின்றன. வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைப்பது, பிழை திருத்துவது, மேற்கோள் பட்டியலைச் சரிபார்ப்பது, படத்துக்கும் அட்டவணைக்கும் எண் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. கட்டுரை எழுதியவர் எங்கேயோ இருப்பார். அவர் விட்ட ஒரு தசமப் புள்ளியைப் பிடித்து, "இது சரியா?" என்று கேள்வி அனுப்புவது இங்கே உட்கார்ந்திருப்பவர். வீட்டில் காட்ட இதிலும் ஒன்றும் இல்லை.

இந்த மேசைகளைச் சுற்றி இருக்கும் தடுப்புக்கும் ஒரு கதை உண்டு. 1960-களில் ராபர்ட் ப்ரோப்ஸ்ட் என்ற அமெரிக்கர், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தார். ஊழியர் தன் இஷ்டத்துக்கு மாற்றி அமைத்துக்கொள்ளும் சுதந்திரமான இடமாக இருக்க வேண்டும் என்பது அவர் யோசனை. கம்பெனிகளோ, குறைந்த இடத்தில் நிறைய பேரை அடைக்க அதைப் பயன்படுத்தின.

நேரம் எங்கே போகிறது? மைக்ரோசாஃப்ட் 2023-ல் வெளியிட்ட ஆய்வறிக்கைப்படி, அதன் அலுவலகச் செயலிகளைப் பயன்படுத்துபவர்கள் அந்தச் செயலிகளில் செலவிடும் நேரத்தில் சராசரியாக 57 சதவீதம் மீட்டிங், மெயில், சாட் ஆகியவற்றுக்கே போகிறது. ஆவணம், கணக்குத்தாள், பிரசன்டேஷன் என்று எதையாவது உருவாக்குவதற்கு 43 சதவீதம். சாயங்காலம் ஆறு மணிக்கு "இன்னைக்கு என்ன பண்ணேன்னே தெரியலை" என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்போ சும்மா இருக்கிறது யார்?

வேலை நேரத்தை நிரப்பும் அளவுக்கு விரிந்துகொண்டே போகும் என்று 1955-ல் எழுதினார் பார்க்கின்சன். பல ஆபீஸ் வேலைகள் இல்லாவிட்டாலும் உலகம் ஓடும் என்று 2013-ல் ஒரு கட்டுரையிலும், 2018-ல் ஒரு புத்தகத்திலும் வாதாடினார் மானுடவியலாளர் டேவிட் கிரேபர். இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கு. வெட்டியாகப் போகும் மீட்டிங்கும், யாரும் படிக்காத ரிப்போர்ட்டும் எல்லா ஆபீஸிலும் உண்டு.

ஆனால் நம் வருமானச் சான்றிதழுக்குத் திரும்பி வந்து ஒரு கணக்குப் போடுவோம். மூன்று மேசையிலும் சேர்த்து அதற்கான உண்மையான வேலை ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். சான்றிதழ் பத்து நாளில் வருகிறது என்றால், மீதி நேரம் முழுக்க அந்தப் பேப்பர் யார் கையிலும் இல்லை. ஏதோ ஒரு மேசையில், வேறு நூறு பேப்பருக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. ஊழியர் சும்மா இல்லை. விண்ணப்பம்தான் சும்மா இருக்கு.

டொயோட்டா தொழிற்சாலையின் உற்பத்தி முறையை வகுத்த தாய்ச்சி ஓனோ, ஏழு வகை வீணடிப்புகளைப் பட்டியலிட்டார். அதில் ஒன்று காத்திருப்பு. தொழிற்சாலையில் அரைகுறையாக நிற்கும் கார் எல்லார் கண்ணிலும் படும். ஆபீஸில் அரைகுறையாக நிற்கும் வேலை கட்டுக்குள்ளோ, இன்பாக்ஸிலோ கிடக்கும். யாருக்கும் தெரியாது.

அந்தக் காத்திருப்புக்கு விலை உண்டு. அதைக் கட்டுவது உள்ளே இருப்பவர் இல்லை. "நாளைக்கு வாங்க" என்று ஒரு தடவை சொன்னால், பாகூரில் இருந்து வந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு நாள் கூலி போச்சு. சேர்க்கைக்குக் கடைசித் தேதி தாண்டினால், மாணவிக்கு ஒரு வருஷம் போச்சு.

கம்ப்யூட்டர் வந்தால் மாறுமா?

கொஞ்சம் மாறியிருக்கு. ஆன்லைன் விண்ணப்பத்தில் பேப்பர் தொலையாது. எந்த நிலையில் இருக்கு என்று பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவு வந்தபின், தகவலை எடுத்து எழுதுவது, பழைய உத்தரவைத் தேடுவது, பதில் கடித வரைவு போடுவது எல்லாம் இன்னும் வேகமாகும். நகல் எடுப்பது மட்டுமே வேலை என்று இருக்கும் மேசைகளுக்கு இது நிஜமான ஆபத்துதான்.

ஆனால் சம்பளச் சீட்டு இல்லாத ஒரு குடும்பத்தின் வருமானம் இவ்வளவு என்று எழுதி, அதற்குப் பெயர் போட்டுப் பொறுப்பேற்க ஒரு ஆள் தேவை. தப்பு நடந்தால் கேட்க ஒரு ஆள் தேவை. அந்த வேலையை மெஷினிடம் தள்ளிவிட்டால், கவுன்ட்டரில் "சிஸ்டம் அப்படிக் காட்டுது" என்ற பதில் மட்டும்தான் மிஞ்சும்.

நீங்க என்ன பண்ணலாம்?

விண்ணப்ப எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "எப்போ வரும்?" என்று கேட்டால் "வரும்" என்றுதான் பதில் வரும். "இப்போ எந்த சீட்டில் இருக்கு, என்னைக்கு அங்கே போச்சு, என்ன குறையுது?" என்று கேளுங்கள். பேப்பர் எங்கே நிற்குதோ அங்கே போய் நிற்க முடியும். சென்டாக் நேரத்துக் கூட்டத்தில் மாட்டாமல், மார்ச், ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுவது இன்னும் நல்லது.

நீங்களே அந்த மேசைக்கு உள்பக்கம் இருப்பவர் என்றால், சாயங்காலம் கிளம்பும் முன் ஒரே ஒரு கணக்கு போதும்: இன்னைக்கு என் மேசைக்கு எத்தனை வந்தது, எத்தனை அடுத்த மேசைக்குப் போச்சு? வீட்டில் ஆயா "என்னடா பண்ண இன்னைக்கு?" என்று கேட்டால், இனிமேல் சொல்ல ஒரு பதில் இருக்கும். "பன்னெண்டு பேர் பேப்பர் என்கிட்ட நின்னுது ஆயா, எல்லாத்தையும் நகர்த்திட்டேன்." மூட்டை கணக்கு மாதிரியே இருப்பதால், அவருக்கு அது புரியும்.